கதையோடு பதிவாகட்டும் மலைமொழிகள்

நெய்வேலி நகரியத்தில் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, மலையாளம், ஹிந்தி என நான்கு மொழிகளைக் கேட்கலாம். 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வருபவர், 'தாய்மொழி எது?' என்று கேட்டால் இங்கு எவரும் தயங்கப்போவதில்லை. நகரியத்தைத் தாண்டி, ஏரிக்கரையோரம் வாழும் இருளர் குடியிருப்புகளிலும் தயக்கம் இருக்காது. விடை 'தமிழ்' என்பதாகவே இருக்கும். அவர்களோடு பேசிப் பழகியவன் நான். அவர்கள் பேசுவது இந்த நடுநாட்டுத் தமிழ்தான். நீலகிரி, கோவை மலைச்சரிவுகளில் இருளர் பேசும் தனிமொழி இங்கும் ஒரு காலத்தில் வழங்கியதா என்று முதியவர்களிடம் விசாரித்திருக்கிறேன். எவராலும் சொல்ல இயலவில்லை.

2011 கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் இருளர் எண்ணிக்கை ஏறக்குறைய 1.9 லட்சம். இருளர் மொழியைத் தாய்மொழி என்று பதிவு செய்தவர்கள் நாடு முழுவதும் சுமார் 12 ஆயிரம் பேர் மட்டுமே. அவர்களும் தமிழ் என்னும் தலைப்பின்கீழ்தான் எண்ணப்பட்டனர். தோடா, கோத்தா மொழிகளின் நிலை இதைவிடக் கடினம். 10 ஆயிரத்துக்கும் குறைவானவர்கள் பேசும் மொழிகளைத் தனியே வெளியிடுவதில்லை என்ற நடைமுறை 1971 முதல் நீடிக்கிறது. சில ஆயிரத்துக்குள் அடங்கிவிடும் தோடர், கோத்தர் மொழிகள் 2011-இல் வெளியான 121 மொழிகளின் பட்டியலில் இடம்பெறவே வாய்ப்பில்லை.

இந்நிலையில், தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் போன்ற சமூகங்களின் மொழி வளங்களையும் ஒலி வடிவங்களையும் ஆவணப்படுத்த, 2024-25 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு ரூ.2 கோடி அறிவித்தது வரவேற்கத்தக்கது. ஆனால், எதைப் பதிவு செய்தால் ஒரு மொழி பதிவானதாகக் கொள்ளலாம் என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும்.

சொற்பட்டியல் போதாது. தமிழையே எடுத்துக்கொள்வோம். ஓர் ஆய்வாளர் நம்மிடம் 'ராஜா இருந்தார் என்பதை எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேட்டால், 'ராஜா இருந்தார்' என்றே சொல்வோம். பாட்டி கதை சொல்லும்போதுதான் 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தாராம்' என்று வரும். தான் கண்டதை அல்ல, கேட்டதைச் சொல்கிறேன் என்று உணர்த்தும் அந்த 'ஆம்', கேள்வி-பதிலில் எளிதில் சிக்காது. இலக்கணத்தின் நுட்பமான பகுதிகள் பலவும் கதைக்குள்தான் ஒளிந்திருக்கின்றன.

இதை உணர்ந்து செயல்பட்டவர் எம்.பி.எமனோ. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் களப்பணி செய்த அவர், கோத்தர் சமூகத்து ஆசிரியரான சுள்ளி சொல்லச் சொல்ல எழுதிய கதைகளே 1944-46-இல் நான்கு பகுதிகளாக வெளிவந்த 'கோத்தா டெக்ஸ்ட்ஸ்' நூலின் பெரும்பகுதி. தோடர் பாடல்களையும் அவர் திரட்டினார். பாடுபவர் அந்தந்த நேரத்தில் இரட்டை இரட்டைத் தொடர்களாகக் கட்டும் பாடல்கள் அவை. இருளர் மொழிக்குக் கமில் சுவலபில் இதையே செய்தார். 1973-இல் இலக்கணத்தில் தொடங்கிய அவருடைய நூல்வரிசை, 1982-இல் கதைகளோடும் வழக்காறுகளோடும் நிறைவடைந்தது.

அதே 1930-களில், இமயத்துக்கு அப்பால் ஹுன்சா பள்ளத்தாக்கில் வழங்கும் புருஷாஸ்கி மொழியை டி.எல்.ஆர்.லோரிமர் மூன்று தொகுதிகளாகப் பதிவு செய்தார். முதல் தொகுதி இலக்கணம், இரண்டாவது கதைகள், மூன்றாவது சொற்களஞ்சியம். புருஷாஸ்கிக்கு உறவுமொழி எதுவும் உறுதியாக நிறுவப்படவில்லை. அம்மொழியில் 'கை' என்று தனியே சொல்ல இயலாது; என் கை, உன் கை என யாருடையது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உறவுப் பெயர்களுக்கும் இதே விதி. உலகில் துணையற்று நிற்கும் ஒரு மொழிக்கு அத்தகைய பதிவு எவ்வளவு அவசியம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நம் மலைமொழிகளுக்கு உறவு உண்டு; அந்த உறவு நாம்தான். பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் தமிழ், மலையாளத்தை அடுத்து கோத்தா, தோடா சொற்கள் வருகின்றன. நாம் 'மூன்று' என்று எழுதி 'மூணு' என்று பேசுகிறோம். கோத்தர் பேச்சிலோ, றகரத்தின் பழைய வல்லின ஒலிப்பு இன்றும் தனி ஒலியாக வாழ்கிறது. அம்மொழி மறைந்தால் தமிழின் வரலாற்றுக்கும் ஒரு சாட்சி குறையும்.

எமனோவின் பதிவுகளில் ஒரு குறை உண்டு. அவை அறிஞர்களுக்கான குறியீட்டு எழுத்திலும் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் வந்தன. கதை தந்த ஊரின் குழந்தை எடுத்துப் படிக்கும் வடிவம் அதுவன்று. இன்றைய திட்டம் அதே தவறைச் செய்யலாகாது. கதைகளும் சடங்குப் பாடல்களும் முழுமையாக ஒலி-ஒளிப்பதிவாக வேண்டும். அவற்றிலிருந்து இலக்கணம் எழுதப்பட வேண்டும். அச்சமூக இளைஞர்கள் தகவலாளர்களாக மட்டுமின்றி, ஊதியம் பெறும் ஆய்வாளர்களாகவும் இடம்பெற வேண்டும். பதிவின் முதல் படி அவர்களின் ஊருக்கே சேர வேண்டும். 10 ஆயிரம் என்ற வரம்பை நீக்கி, எல்லாத் தாய்மொழிகளின் எண்ணிக்கையையும் மத்திய அரசு வெளியிட வேண்டும்.

நெய்வேலியைச் சுற்றியுள்ள இருளர் முதியவர்களிடம் நான் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கும் காலம் கடந்துவிட்டது. நீலகிரியில் அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கதை சொல்லும்போதே அங்கு போய் அமர்ந்து கேட்பதுதான் நாம் உடனே செய்ய வேண்டிய பணி.