காக்பிட்ல பெரிய ஸ்க்ரீன் இருந்தா போதுமா? குட்டி விமானம் வாங்குறவங்க முதல்ல கேட்க வேண்டியது இதைத்தான்!

ராத்திரி 9 மணிக்கு மேல் பெசன்ட் நகர் பீச்சில் நின்று கடலைப் பாருங்கள். வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. நமக்குக் காலுக்குக் கீழே மணல் இருக்கிறது, பிரச்னை இல்லை. அந்த இருட்டுக்குள் பறக்கிற பைலட்டுக்கு? இறக்கை சாய்ந்திருக்கா, மூக்கு மேலே இருக்கா என்பதைக் காக்பிட் கருவிதான் சொல்ல வேண்டும். உடம்பு சொல்வதை நம்ப முடியாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு இருட்டில் சுலபமாக ஏமாந்துவிடும்.

அந்தக் கருவியே பொய் சொன்னால்?

1978 ஜனவரி 1 அன்று இரவு, மும்பையிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா 855 விமானம் சில நிமிடங்களுக்குள் அரபிக்கடலில் விழுந்தது. 213 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கேப்டன் பக்கம் இருந்த சாய்வு காட்டும் கருவி பழுதாகி, தவறாகக் காட்டியிருக்கிறது. அதை நம்பி விமானத்தைத் திருப்பியதில் எல்லாம் முடிந்தது. சரியாகக் காட்டிய வேறு கருவிகளும் அதே காக்பிட்டில் இருந்தன என்பதுதான் வேதனை.

அது ஜம்போ விமானம். ஆனால் பாடம் 2 சீட் விமானத்துக்கும் அதேதான்.

கிளாஸ் காக்பிட்னா என்ன?

பழைய குட்டி விமானங்களில் வேகம், உயரம், சாய்வு, திசை, திருப்பம், ஏறி இறங்கும் வேகம் என 6 வட்ட டயல்கள் இருக்கும். இப்போது அத்தனையும் ஒரே டிஜிட்டல் திரையில். இதைத்தான் கிளாஸ் காக்பிட் என்கிறார்கள். பெங்களூரு என்.ஏ.எல். உருவாக்கிய ஹன்சா-என்.ஜி. பயிற்சி விமானத்திலும் இந்த வசதி உண்டு. 2022-ல் நம்ம பக்கத்துப் புதுச்சேரியில்தான் அதற்குக் கடல்மட்டச் சோதனை நடந்தது.

திரை வந்துவிட்டால் ஆபத்து குறைந்துவிடுமா? அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 2002 முதல் 2006 வரை தயாரான 8,000-க்கும் அதிகமான சிறிய விமானங்களை ஆராய்ந்து 2010-ல் அறிக்கை வெளியிட்டது. டிஜிட்டல் திரை உள்ள விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவு. ஆனால், உயிரிழப்பு ஏற்படுத்திய விபத்துகளின் விகிதம் அதிகம்! அவை நீண்ட பயணங்களுக்கு அதிகம் பயன்பட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் வாரியம் அழுத்திச் சொன்னது ஒன்றைத்தான்: அந்தந்தக் கருவிக்கென்று தனிப் பயிற்சி வேண்டும்.

அப்போ எதைப் பார்த்து வாங்கணும்?

தி.நகரில் டிவி வாங்கும்போது 'எத்தனை இன்ச்?' என்று கேட்போமே, அந்தக் கேள்வி இங்கே கடைசி. என்னைக் கேட்டால் வரிசை இதுதான்:

முதலில், பேக்கப். மெயின் திரை அணைந்தால் சாய்வைக் காட்ட இன்னொரு கருவி இருக்கா? அதற்குச் சொந்த பேட்டரி இருக்கா? இரண்டுக்கும் ஒரே மின்சாரம் என்றால் அது பேக்கப்பே இல்லை.

இரண்டாவது, தகவல் எங்கிருந்து வருகிறது? திரை டிஜிட்டல்தான். ஆனால் வேகத்தை அளப்பது இன்றைக்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டாட் குழாய்தான். அதற்குள் குளவி கூடு கட்டினால் டயலும் தப்பாகக் காட்டும், திரையும் தப்பாகக் காட்டும். சில கருவிகள் சாய்வைக் கணக்கிடவும் இந்த வேகத்தையே துணைக்கு எடுத்துக்கொள்கின்றன. அப்போது ஒரு பழுது இரண்டு பொய் ஆகிவிடும்.

மூன்றாவது, பழுதானால் எப்படிச் சொல்கிறது? இங்கே திரைக்குத்தான் என் ஓட்டு. பழைய சுழல் கருவி காற்றழுத்தம் போனால் சத்தமில்லாமல் மெதுவாகச் சாய்ந்து ஏமாற்றும். நல்ல டிஜிட்டல் கருவி சிவப்பில் பெரிய பெருக்கல் குறி போட்டு 'என்னை நம்பாதே' என்று சொல்லிவிடும்.

நான்காவது, சென்னை வெயில். மே மாத மதியத்தில் திரை கண்ணுக்குத் தெரியுமா, சூட்டைத் தாங்குமா? ஏ.சி. ஷோரூமில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இதெல்லாம் பணக்காரங்க கவலைதானே என்று தோன்றலாம். இல்லை. மயிலாப்பூரிலும் அடையாறிலும் லோன் போட்டுப் பிள்ளைகளை பைலட் பயிற்சிக்கு அனுப்பும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் உட்காரப்போவது இந்தக் குட்டி விமானங்களில்தான். அட்மிஷனுக்குப் போகும்போது ஃபீஸோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: "திரை அணைஞ்சா எப்படி ஓட்டணும்னு எத்தனை மணி நேரம் சொல்லிக் கொடுப்பீங்க?"

பதில் தயங்கி வந்தால், அங்கே எத்தனை பெரிய ஸ்க்ரீன் இருந்தும் பிரயோஜனம் இல்லை.