"ஒண்ணும் பண்ணாது சார்!"

நாய் வளர்க்கறவங்க கோச்சுக்காதீங்க மக்களே. நானும் நாய் வளர்க்கறவன்தான்.

போன ஞாயித்துக்கிழமை அக்கா பையனைக் கூட்டிக்கிட்டு எங்க ஏரியா பார்க்குக்குப் போயிருந்தேன். பய சறுக்குமரத்துல இருந்து இறங்கறான், கீழே ஒரு லாப்ரடார் சங்கிலி இல்லாம நிக்குது. இவன் வீல்னு அலற, ஓனர் செல்போன்ல இருந்து கண்ணை எடுக்காம சொன்னார்: "ஒண்ணும் பண்ணாது சார்."

எங்க ஆபீஸ்ல 'என் மெஷின்ல ஒழுங்கா ஓடுதே'ன்னு சொல்ற ஆளுங்க ஞாபகம்தான் வந்துச்சு. உங்க வீட்டு சோபாவுல ஒண்ணும் பண்ணாதுங்க, சரி. அலறிக்கிட்டு ஓடற குழந்தையைப் பார்த்தா துரத்தத் தோணறது நாயோட இயல்பு. தப்பு நாய் மேல இல்ல.

2024 மே மாசம் சென்னை நுங்கம்பாக்கத்துல, ஒரு மாநகராட்சிப் பூங்காவுக்குள்ள ரெண்டு ராட்வைலர் அஞ்சு வயசுப் பொண்ணைக் கடிச்சுக் குதறுச்சே, மறந்துட்டோமா? அந்தப் பூங்கா காவலாளியோட பொண்ணு அது. சங்கிலி ஒரு கையில இருந்திருந்தா அது நடந்திருக்குமா?

அதுக்காக 'நாய்களுக்கு அனுமதி இல்லை'ன்னு போர்டு மாட்டறதும் தீர்வு இல்ல. ஃப்ளாட்ல அடைஞ்சு கிடக்கற நாயும் குழந்தையும் வேற எங்கதான் போகும்? சங்கிலியைப் பிடிங்க. தடுப்பூசி போடுங்க. ஊஞ்சல், சறுக்குமரம் பக்கம் கூட்டிட்டு வராதீங்க. அது போனதை நீங்களே அள்ளுங்க. அவ்வளவுதான் கேக்கறோம்.

என் நாயும் ஒண்ணும் பண்ணாதுன்னுதான் நானும் நம்பறேன். நம்பிக்கை மனசுல இருக்கு, சங்கிலி கையில இருக்கு.