மோயாற்றின் தண்ணீருக்கும் காப்பு வேண்டும்: திமில் மகசீர் வாழிடம் பற்றிய எங்கள் நிலைப்பாடு

மோயாறு மலைப்பள்ளத்தாக்கின் அடியிலிருந்து பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் தலைப்பகுதி வரை ஓடும் நீர்வழியை, திமில் மகசீர் மீன் பிழைத்திருக்க இன்றியமையாத வாழிடமாகத் தமிழக அரசு அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு கரையோடு நின்றுவிடக் கூடாது. ஆற்றில் எப்போது, எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்பதையும் அது வரையறுக்க வேண்டும்.

காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத மீன் இது. ஐம்பது கிலோவுக்கு மேல் வளரும். 1946-இல் தூண்டிலில் சிக்கிய ஒரு மீன் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை இருந்தது. ஆங்கிலேயர் காலம் முதல் தூண்டில்காரர்களைக் கடல் கடந்து வரவழைத்த இந்த மீனுக்கு நெடுங்காலம் அறிவியல் பெயர்கூட உறுதியாகவில்லை. கேரளத்தின் பாம்பாற்று மீன்களைக் கொண்டு முன்பே விவரிக்கப்பட்டிருந்த ‘டோர் ரெமாதேவி’ இனம்தான் இது என்று 2018-இல் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை ‘மிக அருகிய இனம்’ என்று செம்பட்டியலில் சேர்த்தது. பெயர் உறுதியான வேளையில் மீன் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டிருந்தது.

அணைகள், மணல் அள்ளுதல், தோட்டா வெடித்து மீன் பிடித்தல் ஆகியவை பலரும் அறிந்த காரணங்கள். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம், நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட ஒரு வேலை. மகசீர் குறைகிறது என்று கவலைப்பட்டு, மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மகசீர் குஞ்சுகளை 1970-களிலிருந்து காவிரியில் விட்டார்கள். அது வேறு இனம். கர்நாடகக் காவிரியில் 1998 முதல் 2012 வரை தூண்டில் முகாம்களில் எழுதிவைத்த பதிவுகளை ஆய்வாளர்கள் புரட்டிப் பார்த்தபோது, நீலத்துடுப்பு மீன் பெருகியிருந்தது. திமில் மகசீர் சரிந்திருந்தது. மகசீர் என்ற பொதுப்பெயரில் மொத்தமாகக் கணக்கிட்டால் எல்லாம் நலமாகவே தெரிந்திருக்கும். ஆகவே மோயாற்றிலும் அதில் சேரும் ஓடைகளிலும் எந்தப் பண்ணைக் குஞ்சையும், அது எவ்வளவு நல்ல நோக்கத்தோடு வந்தாலும், விடக் கூடாது என்கிறோம்.

இந்த மீன் இன்னும் எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் மோயாறு முக்கியமானது. மோயாற்றின் இருபுறமும் ஏற்கெனவே புலிகள் காப்பகம்தானே, இன்னோர் அறிவிப்பு எதற்கு என்று எங்களிடம் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. முதுமலை 2007-இலும் சத்தியமங்கலம் 2013-இலும் புலிகள் காப்பகங்களாயின. அங்கே மரம் வெட்ட முடியாது, கல் உடைக்க முடியாது. ஆனால் ஆற்றின் நீரோட்டம் வனத்துறையின் கையில் இல்லை. ஆற்றின் மேற்பகுதியான பைகாராவில் 1930-களிலேயே தொடங்கிய நீர்மின் திட்டங்கள்தான் மோயாற்றின் ஏற்ற இறக்கத்தை இன்றும் தீர்மானிக்கின்றன. மின்தேவை கூடும்போது தண்ணீர் திறக்கப்படுகிறது. தேவை தணிந்ததும் அடைக்கப்படுகிறது. மகசீர் இனங்கள் ஓடும் நீரில், கூழாங்கல் படுகையில் முட்டையிடுபவை. நீர்மட்டம் சட்டென்று இறங்கினால் முட்டைகள் காய்ந்துபோகும், குஞ்சுகள் ஓரக் குட்டைகளில் மாட்டிக்கொள்ளும். கோடையில் ஆறு இளைக்கும்போது பெரிய மீன்களுக்கு ஆழமான மடுக்களே கதி. கரையை எத்தனை காவலர்கள் சுற்றி வந்தாலும் இவற்றில் ஒன்றையும் அவர்களால் தடுக்க முடியாது.

மின் உற்பத்தியை நிறுத்தச் சொல்லவில்லை. முட்டையிடும் பருவத்தில் நீரை ஒரேயடியாக அடைக்காமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும், எந்நாளும் குறைந்தபட்ச ஓட்டம் இருக்க வேண்டும் என்கிறோம். இது நடக்கக்கூடியதே. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றுப் படுகையில் அழிந்துவந்த நான்கு நாட்டு மீனினங்களுக்காக 1994-இல் சுமார் 1,980 மைல் நீள ஆற்றுப் பகுதிகளை அந்நாட்டு அரசு இன்றியமையாத வாழிடமாக அறிவித்தது. கிளையாறான கிரீன் ஆற்றின் ஃபிளேமிங் கார்ஜ் அணையில் அந்த மீன்களின் தேவையையும் கருதி நீர் திறக்கும் முறை வகுக்கப்பட்டது. மின்சாரமும் அங்கே தொடர்ந்து எடுக்கப்படுகிறது.

நம் சட்டங்களில் புலிக்கு ‘இன்றியமையாத வாழிடம்’ உண்டு. ஆற்று மீனுக்கென்று அப்படி ஒரு பிரிவு இல்லை. நாடாளுமன்றம் அதைச் சேர்க்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, உள்ளாட்சிகளைக் கலந்து ஓர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. மதுரை அரிட்டாபட்டியை 2022-இல் அந்த வழியில்தான் தமிழகம் அறிவித்தது. குன்றுகள் சூழ்ந்த அந்த ஊருக்குச் செய்ததை ஓர் ஆற்றுக்கும் செய்யலாம். அறிவிப்போடு, மின்வாரியமும் வனத்துறையும் மீன்வளத்துறையும் கையெழுத்திட்ட நீர் திறப்பு விதிமுறை கட்டாயம் இணைக்கப்பட வேண்டும். அது இல்லாத அறிவிப்பை நாங்கள் வரவேற்க மாட்டோம்.

ஆற்றோரத்து இருளர் உள்ளிட்ட பழங்குடி மக்களை இந்த அறிவிப்பைக் காட்டி வெளியேற்றுவதையும் எதிர்ப்போம். நீர்நிலைகளின் மீன் மீதான சமூக உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தெளிவாக ஏற்கிறது. உணவுக்கு வலை வீசும் குடும்பமும் வெடி வைப்பவரும் ஒன்றல்ல. எந்த மடுவில் எந்தப் பருவத்தில் பெரிய மீன் நிற்கும் என்று அறிந்தவர்கள் அந்த மக்கள். எல்லையை வரைவதிலும் கண்காணிப்பதிலும் கிராம சபைக்கு முடிவெடுக்கும் இடம் வேண்டும்.

காவிரி நீர்ப் பங்கீட்டில் கணக்கிடப்பட்ட 740 டி.எம்.சி.யில் சுற்றுச்சூழலுக்கென ஒதுக்கப்பட்டது 10 டி.எம்.சி. அந்த ஒதுக்கீட்டின் பொருள் படுகையின் ஒவ்வொரு கிளையாற்றிலும் உணரப்பட வேண்டும். இந்த மீன் முதலில் விவரிக்கப்பட்ட பாம்பாறு கேரளத்தின் சின்னார் சரணாலயம் வழியே வந்து தமிழகத்தில் அமராவதியாகிறது; அங்கே இரு மாநிலங்களும் சேர்ந்தே வாழிடத்தை வரையறுக்க முடியும். அதற்கான பேச்சைத் தமிழகம் தொடங்கட்டும். மோயாற்றுக்கு அந்தப் பேச்சும் தேவையில்லை. பள்ளத்தாக்கின் அடி முதல் பவானிசாகர் வரை நாங்கள் கோரும் பகுதியில் நீர் திறப்பவரும் காடு காப்பவரும் தமிழக அரசின் கீழேயே இருக்கிறார்கள். வரும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே அவர்களை ஒரே மேசையில் அமர்த்த அரசு ஆணையிட வேண்டும்.