சைக்கிளுக்கும் வழி வேண்டும்

மணியாச்சி என்றதும் வரலாற்று மாணவர்க்கு 1911-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 17-ஆம் நாள் நினைவுக்கு வரும். தூத்துக்குடி வண்டியின் வரவை எதிர்பார்த்து நின்றிருந்த இரயில் பெட்டியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டு வீழ்த்திய நிலையம் அது. எங்கள் பக்கத்து மக்களுக்கோ மணியாச்சி என்பது வண்டி மாறும் இடம், அவ்வளவே. இறங்குவார்கள், காத்திருப்பார்கள், வேறு வண்டி ஏறி வேறெங்கோ போய்விடுவார்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்து கிழக்கே திரும்பிப் பார்ப்பவர் அரிது. அந்தக் கிழக்குத் திசையைப் பற்றித்தான் இங்கு எழுத வந்தேன்.

மணியாச்சியிலிருந்து ஓட்டப்பிடாரம், அங்கிருந்து பாஞ்சாலங்குறிச்சி, குறுக்குச்சாலை, அதற்கப்பால் சிற்றூர்ச் சாலைகள் வழியாகத் தருவைகுளம் கடற்கரை. ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். இவ்வளவு தூரத்திலும் மேடு என்று சொல்லத்தக்க மேடு ஒன்றில்லை. நிலம் கடலை நோக்கி மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போகிறது. அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது. பெடல் மிதிக்கும் காலுக்குத்தான் தெரியும். சைக்கிளுக்கென்றே இயற்கை விரித்து வைத்த பாய் இது என்பேன். (மிதிவண்டி என்று எழுதினால் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் மகிழ்வார்கள். ஆனால் எங்கள் ஊரில் சைக்கிள் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். பொறுத்தருள வேண்டும்.)

இது நான் கண்டுபிடித்த வழியன்று. உமணர்கள் உப்பு மூட்டைகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போனதைச் சங்க இலக்கியம் பேசுகிறது. அவர்கள் மரபில் வந்த கடைசி ஆள் என்று என் சித்தப்பாவைச் சொல்லலாம். இருபது ஆண்டுக்கு மேல் கேரியரில் கூடை கட்டிக் கருவாடு வியாபாரம் செய்தவர். அவருக்கு இந்தச் சாலைகள் எல்லாம் உள்ளங்கை ரேகை. சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் அவரும், அவர் மகனும், என் வகுப்புத் தோழி ஒருத்தியும், நானுமாக நால்வர் அந்த வழியே கடலுக்குப் புறப்பட்டோம்.

“ஏளா, கடலுக்குப் போக ரோடு தெரிஞ்சாப் போதாது. காத்துத் தெரியணும்” என்றார் சித்தப்பா.

அன்று அவர் நடத்திய பாடத்தை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. வைகாசி முடிந்து மேல்காற்று இறங்கிவிட்டால், மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களில் புகுந்து வரும் காற்று கரிசல் வெளியில் தடையின்றிச் சாடும். ஆடியில் கடலுக்குப் போகிறவனை அது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வரும்போது, அதுவும் சுமையோடு வரும்போது, நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். ஆகவே ஆடி மாதத்தில் சித்தப்பா மாலையில் கிளம்பிக் கடற்கரையில் படுத்துவிட்டு, காற்று அடங்கியிருக்கும் பின்னிரவில் கூடையைக் கட்டிக்கொண்டு புறப்படுவாராம். ஐப்பசிக்குப் பின் வாடை வந்துவிட்டால் கணக்கு தலைகீழ். போகும்போதுதான் மல்லுக்கட்டு; சுமை ஏற்றி வரும்போது காற்று துணைக்கு வரும். “சுமை இருக்கிற பக்கம் காத்து நம்ம பக்கம் இருக்கணும், தாயி” என்று முடித்தார். 1986-இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகளை நிறுவியவர்களும், பின்னாளில் கயத்தாறு வெளியெங்கும் நிறுவியவர்களும் பொறியியல் நூல்களைப் படித்து அறிந்த செய்தியை, கருவாட்டுக் கூடை கட்டியவர் தம் மூச்சிரைப்பிலிருந்து அறிந்திருக்கிறார்.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரிசல் காய்ந்தால் பிளந்து கிடக்கும். நனைந்தால் பிடித்த பிடி விடாது. மழை நாளில் தார்ச்சாலையை விட்டு வண்டிப்பாதையில் இறங்கினால், பத்து அடிக்குள் மண் மட்காடுக்கும் டயருக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரம் சுற்ற மறுக்கும். அதன் பிறகு நாம் சைக்கிளில் போவதில்லை. சைக்கிள்தான் நம் தோளில் வரும். காய்ந்த நாளிலோ சீமைக்கருவேல முள். ஒட்டுப் போடும் சாமானும் பம்பும் இல்லாமல் இந்தப் பக்கம் சைக்கிள் எடுப்பவன் துணிச்சல்காரன் அல்லன், விவரமில்லாதவன்.

நாங்கள் இருட்டோடு கிளம்பினோம். தை மாதக் கரிசலைப் பார்க்காதவர்க்கு இது வறண்ட பூமி. அந்த மாதத்தில் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். இருபுறமும் உளுந்தும், மக்காச்சோளமும், பருத்தியும், மிளகாயும். ஓட்டப்பிடாரத்தில் தேநீர். 1872-இல் வ.உ.சி. பிறந்த ஊர். நினைவு இல்லம் அந்நேரத்தில் திறந்திருக்கவில்லை. வாசலில் சற்று நின்றோம். வெள்ளையன் கப்பலுக்கு எதிராக 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர், கடல் தெரியாத இந்த ஊரில் பிறந்தவர் என்பது பாடநூலில் படித்தபோது என்னைத் தொடவில்லை. அங்கிருந்து மிதித்துக் கடலைத் தொட்டபோதுதான் தொட்டது. பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் அரசு எழுப்பிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டையைக் கடந்தபோது நன்றாக விடிந்துவிட்டது.

அதுவரை எல்லாம் இன்பமே. குறுக்குச்சாலையில் மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலையைக் கடக்க வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக. கால் மணி நேரம் நின்றோம். “முன்னால இங்க கண்ணை மூடிக்கிட்டுக் கடப்பேன்” என்ற சித்தப்பா, என் தோழியின் ஹேண்டில்பாரைப் பிடித்த பிடியை விடவே இல்லை. பிறகு தருவைகுளம் சேர்ந்ததும், கரையேறியிருந்த படகுகளின் நிழலில் கட்டுச்சோறு உண்டதும், பிற்பகலில் காற்று எங்களை வீடு வரை தள்ளிக்கொண்டு வந்து சேர்த்ததும் தனிக் கதை. அந்தக் கால் மணி நேரத்துக்காகவே இக்கட்டுரை.

அதற்கு முன் என் அக்காளின் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம் மாநிலத்தில் 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் 2005-06-இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் அனைவர்க்கும் விரிந்ததை யாவரும் அறிவர். நம்மில் பெரும்பாலோர் அந்தச் சைக்கிளில் பள்ளிக்குப் போனவர்களே. அக்காளும் போனாள். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மாலை, சிறப்பு வகுப்பு முடிந்து வரும் வழியில் பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. ஒதுங்குவதற்காகத் தார்ச்சாலையை விட்டு இறங்கினாள். தார் மேல் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது. ஓரத்து மண் பழைய மட்டத்திலேயே கிடக்கிறது. அரை அடிப் பள்ளம். விழுந்தாள். முழங்காலில் மூன்று தையல். காயம் இரண்டு வாரத்தில் ஆறியது. சைக்கிள் மட்டும் அதன் பிறகு வெளியே வரவில்லை. அப்பா சம்மதிக்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து மணியாச்சிப் பேருந்து நிறுத்தம் மூன்று கிலோமீட்டர். அந்த மூன்று கிலோமீட்டரைக் கடக்க வழியில்லாமல் அவள் கல்லூரி நின்றுபோயிற்று. சைக்கிளைப் பழைய இரும்புக்காரர் எண்ணூறு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். இன்று அவள் புதியம்புத்தூரில் ஆயத்த ஆடை தைக்கிறாள். தையல் வேலைக்கு வாசலுக்கே வேன் வருகிறது. கல்லூரிக்குத்தான் எதுவும் வரவில்லை. அரை அடிப் பள்ளம் எவ்வளவு ஆழமானது என்பதை எங்கள் வீட்டில் கேட்டால் தெரியும்.

வெயிலால் சைக்கிள் போயிற்று என்கிறார்கள். வெயில் சித்தப்பா காலத்திலும் இருந்தது. மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் வந்தபின் சைக்கிள் எதற்கு என்பது அடுத்த கேள்வி. வாங்க முடிந்தவர் வாங்கட்டும். சித்தப்பாவும் பிற்காலத்தில் மொபெட்டுக்கு மாறியவர்தாம். ஆனால் ஒரு வீட்டில் ஒரு வண்டி வாங்கினால் அது அண்ணன் தம்பிக்கே போகும், தங்கைக்கு வராது என்பதை என் தோழியர் அறிவர். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது ஏன் என்று எண்ணிப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு, அது நம் குற்றம். கல்லூரியில் சேர்ந்ததும் சைக்கிள் நமக்கு வெட்கமாகிவிடுகிறது. நம் கல்லூரி வாயிலில் நிற்கும் சைக்கிள்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

ஹாலந்து தேசமும் நம் ஓட்டப்பிடாரம் தாலுகாவைப் போலத் தட்டையான, கடலோர, காற்றடிக்கும் நிலம். அங்கே சைக்கிள்கள் மிகுதி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது தானாக வந்ததன்று. கார்கள் பெருகி, 1971-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 3,300 பேர் அளவில் மாண்டனர். அவர்களில் நானூறு பேருக்கு மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதன் பின்னரே தனித்தடங்கள் பெருகின. நம் நாட்டில் நெறிமுறை இல்லாமலில்லை. இந்தியச் சாலைப் பேராயம் சைக்கிள் தடம் அமைக்கும் முறையை 1962-லேயே வகுத்து, 2015-இல் திருத்தியும் வெளியிட்டது. தாளில் இருக்கிறது, சாலையோரத்தில் இல்லை.

ஹாலந்தைப் போலத் தனித்தடம் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தார் போடும்போதே ஓரத்தில் சரளை கொட்டித் தார் மட்டத்துக்குச் சமப்படுத்துங்கள். நான்குவழிச் சாலையைச் சிற்றூர்ச் சாலைகள் வெட்டும் இடங்களில் சைக்கிளும் நடையாளும் கடக்க ஒரு வழி வையுங்கள். இவ்வளவே. சென்ற ஜனவரி 26 கிராம சபையில் எழுந்து முதல் கோரிக்கையைச் சொன்னேன். கை நடுங்கியது. தீர்மானமாக எழுதிக்கொண்டார்கள். சரளை இன்னும் வரவில்லை. மே 1-இல் மறுபடி கேட்பேன். உங்கள் ஊர்களிலும் அன்றுதான் கிராம சபை. நம் கல்லூரியில் கூரையிட்ட சைக்கிள் நிறுத்தம் ஒன்று அமைத்துத் தருமாறு முதல்வர் அவர்களை இம்மலர் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். வேப்பமரத்து நிழல் காலை பத்து மணிக்கே நகர்ந்துவிடுகிறது, டயர் வெடிக்கிறது.

வரும் பொங்கல் விடுமுறையிலும் கடலுக்குப் போகிறோம். விடியற்காலை ஐந்து மணிக்கு மணியாச்சி நிலையத்துக்கு வெளியே நிற்போம். பம்பு என்னிடம் இருக்கிறது. ஒட்டுச் சாமான் சித்தப்பா கொண்டு வருவார். வருபவர்கள் தண்ணீரும் கட்டுச்சோறும் எடுத்துக்கொள்ளுங்கள், போகும்போது காற்று எதிரே இருக்கும். அக்காளும் வருகிறாள், சித்தப்பா மகனின் சைக்கிளில்.