புயலுக்குப் பெண்கள் மேல் என்ன கோபம்?

வங்காள தேசத்தின் தென் கடற்கரையை ஒட்டிப் போலா, ஹாத்தியா, சந்தீப், குத்துப்தியா என்று பல தீவுகள் இருக்கின்றன. அவற்றில் பலவும் ஆறு அடித்துக்கொண்டு வந்து போட்ட வண்டல் மண். கடல் மட்டத்துக்குச் சில அடிகளே உயரம். அங்குள்ள ஜனங்களில் பெரும்பாலோர் ஒரு துண்டு நிலத்தில் நெல்லும் பயறும் மிளகாயும் போட்டு, இரண்டு ஆடும் நாலு கோழியும் வைத்துக்கொண்டு பிழைக்கிற சிறு குடியானவர்கள்.

1970-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி இரவு அடித்த புயலிலும், அத்துடன் எழுந்த கடல் வெள்ளத்திலும் அப்பிரதேசத்தில் 3 லட்சம் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். மறுபடியும் 1991-ம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி அடித்த புயலில் ஏறக்குறைய 1,38,000 பேர் மாண்டார்கள். இந்த இரண்டாவது புயலுக்குப் பின் எடுத்த கணக்கில் ஒரு சங்கதி வெளியாயிற்று. 20 முதல் 44 வயது வரையுள்ளவர்களில் ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர் செத்திருக்க, ஆயிரம் பெண்களுக்கு 71 பேர் செத்திருந்தார்கள்.

எல்லாம் தலைவிதி, ஆண்டவன் சோதனை என்று சொல்லுகிறவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். விதியை எழுதினவன் ஆணா பெண்ணா என்று பார்த்தா எழுதினான்? ஒரே ஊர், ஒரே இரவு, ஒரே காற்று, ஒரே வெள்ளம். அப்படியிருக்கச் சாவில் மாத்திரம் நாலரை மடங்குக்கு மேல் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? காற்றுக்கு ஆண், பெண் என்ற பேதம் தெரியாது. அந்தப் பேதம் மனிதன் செய்து வைத்ததே ஒழிய வேறல்ல.

எப்படியென்றால், புயல் வருகிற சேதி கடைவீதிக்கு வரும், டீக்கடைக்கு வரும், தொழுகைக்குக் கூடும் இடத்துக்கு வரும். அங்கெல்லாம் இருப்பவன் ஆண். வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்குச் சேதி வருவது கடைசியில். வந்தாலும் புருஷன் உத்தரவில்லாமல் படி தாண்டக்கூடாது. தாண்டினாலும் புயல் காப்பிடத்தில் அந்நிய ஆண்கள் நடுவில் இரவு தங்குவது மானக்கேடு. தனியே கக்கூசும் கிடையாது. இவ்வளவையும் மீறிப் புறப்பட்டால் கையில் ஒரு குழந்தை, இடுப்பில் ஒரு குழந்தை, காலைச் சுற்றும் புடவை. நீந்தவோ யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இப்படிக் கட்டிப்போட்டு வைத்துவிட்டுப் பிறகு வெள்ளத்தின் மேல் பழி போடுவது எவ்வளவு யோக்கியம்?

அது வேறு தேசத்துக் கதை, வேறு மதத்துக் கதை என்று நம்மவர்கள் சிரிக்க வேண்டியதில்லை. 2004-ம் வருஷம் டிசம்பரில் வந்த சுனாமியில் நமது கடலூர் ஜில்லாவில் இறந்த பெண்கள், இறந்த ஆண்களைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

இனி, உயிர் தப்பிய பெண்ணின் கதியைப் பார்ப்போம். உப்பு நீர் ஏறிய வயல் உடனே விளையாது. புருஷன் கூலி தேடி டாக்காவுக்கோ சிட்டகாங்குக்கோ போய்விடுகிறான். நிலத்தைச் சீர்செய்வதும், விதையைக் காப்பதும், ஆடு கோழியை மறுபடி பெருக்குவதும், குடிதண்ணீருக்கு மைல் கணக்கில் நடப்பதும் அவள்தான். ஆனால் சர்க்கார் தஸ்தாவேஜில் குடியானவன் என்றால் பட்டாவில் பெயருள்ளவன். விதையும் கடனும் உதவிப் பணமும் அந்தப் பெயரைத் தேடிப் போகின்றன. பாடுபடுகிறவள் பெயர் அதில் இல்லை.

1997-ல் அந்நாட்டுச் சர்க்கார் புறம்போக்கு நிலத்தை நிலமில்லாதாருக்குப் பங்கிட விதி செய்தபோது புருஷன், பெண்சாதி இருவர் பெயரிலும் பட்டா என்று எழுதினார்கள். நல்ல காரியம். ஆனால் அதே விதியில், விதவைக்கும் கைவிடப்பட்டவளுக்கும் முதல் உரிமை வேண்டுமானால் உழைக்கத் திராணியுள்ள மகன் இருக்க வேண்டும் என்றும் எழுதிவிட்டார்கள்! மூன்று பெண் பெற்ற விதவை என்ன செய்வாள்? மகனைப் பெறாதது அவள் செய்த குற்றமா? புத் என்னும் நரகத்துக்குப் பிள்ளை வேண்டும் என்கிற நமது புராணத்துக்கும், பட்டாவுக்குப் பிள்ளை வேண்டும் என்கிற இந்த விதிக்கும் என்ன வித்தியாசம்?

மாற்ற முடியாதென்று யாரும் சொல்ல வேண்டாம். நவகாளிக் கடலோரத்தில் புதிதாக எழுந்த மண் திட்டுகளில் 1994 முதல் டச்சு நாட்டு உதவியோடு நடந்த குடியேற்றத் திட்டத்தில், பட்டாவில் பெண்சாதியின் பெயரை முதலில் எழுதினார்கள். அதனால் ஆகாயம் இடிந்து விழுந்துவிடவில்லை. புருஷன் தள்ளிவிட்டாலும் நிலம் அவளைத் தள்ளுவதில்லை என்பதே கண்ட பலன்.

புயல் எச்சரிக்கைத் தொண்டர் படையும் அப்படியே. 1970 சாவுக்குப் பிறகு 1972-ல் துவங்கிய அப்படையினர் கொடி ஏற்றி, கையால் சுற்றும் சங்கை ஊதி, வீடு வீடாய்ப் போய்ச் சொல்லுகிறார்கள். முன்பு 15 பேர் கொண்ட குழுவில் 5 பேரே பெண்கள். பிறகு 20 பேரில் 10 பேர் பெண்கள் என்று ஆக்கினார்கள். பெண் தொண்டர் உள்கட்டு வரை போய்ச் சொல்லலாம். 2007-ல் சித்ர் புயலில் 3,400 பேர் போல் இறந்தார்கள். 2020-ல் ஆம்பன் புயலுக்கு முன் சுமார் 24 லட்சம் பேரை அப்புறப்படுத்தினார்கள். அந்நாட்டில் செத்தவர்கள் சில பத்துப் பேர்களே. எல்லாப் புயலும் ஒரே வலுவுள்ளதல்ல என்பது மெய்தான். ஆனாலும் லட்சம் பத்துகளானது பூஜையாலா, புத்தியாலா?

ஆகவே செய்ய வேண்டியது தெளிவாய் இருக்கிறது. ஆனால் வானிலை இலாகா காற்றைப் பார்க்கிறது. விவசாய இலாகா விதையைப் பார்க்கிறது. நில இலாகா பட்டாவைப் பார்க்கிறது. பெண்கள் இலாகா வேறொரு மூலையில் இருக்கிறது. ஒன்று செய்வது மற்றொன்றுக்குத் தெரியாது. 2013-ல் சீதோஷ்ண மாறுதலையும் பெண்களையும் பற்றி அந்நாட்டில் ஒரு தனித் திட்டமே எழுதினார்கள். எழுதிய காகிதம் ஏர் உழாது. இந்த நாலு இலாகாக்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, தீவுப் பெண்களையும் பக்கத்தில் உட்கார வைத்து, நான்கு காரியங்களை முடிவு செய்யட்டும்: பாடுபடுகிறவள் பெயரில் பட்டாவும் கடனும், மகன் நிபந்தனை ஒழிப்பு, காப்பிடத்தில் பெண்களுக்குத் தனி அறையும் கக்கூசும், பக்கத்திலேயே ஆடுமாட்டுக்கு மேடும், உப்பைத் தாங்கும் நெல் விதை அவள் கைக்கே நேராகச் சேருதல்.

"ஏழைக் குடியானவன் மாத்திரம் சுகமாகவா இருக்கிறான்?" என்று சிலர் கேட்பார்கள். இல்லைதான். ஆனால் அவன் பெண்சாதி வெள்ளத்தில் போனால் அவன் விதையும், ஆடும், குழந்தைகளும் கூடவே போகின்றன. அவளைக் காப்பது அவனுக்கு விரோதமல்ல. அவன் குடியைக் காப்பதே ஆகும்.

புயலை நிறுத்த நம்மால் ஆகாது. பெண்ணைக் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்க்க நம்மால் ஆகும். ஆகிற காரியத்தைச் செய்யாமல், ஆகாத காரியத்துக்குத் தேங்காய் உடைப்பதில் என்ன பிரயோஜனம் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.