“சட்டம் அப்படி, என்ன செய்ய?”

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். தப்புச் சத்தம் கேட்டதும் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வருகிறோம். வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத பங்காளியும் குழி வெட்ட மண்வெட்டியோடு வந்து நிற்பான். செத்தவர் குடிகாரரா, கடன்காரரா, எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டினார் என்று அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. உயிரோடு இருக்கும்போது ஆயிரம் சண்டை இருக்கலாம். பிணத்தை மரியாதையாக அனுப்பி வைப்பது மனிதர் கடன். நம் பாட்டன் பாட்டி நமக்குச் சொல்லித் தந்தது அது.

இந்தக் கடன் ஒரு பக்கம் இழுக்க, அரசாங்கத்தின் ஆணை மறுபக்கம் இழுத்தால் என்ன செய்வது? 2,400 ஆண்டுகளுக்கும் முன்னர் கிரேக்க தேசத்தில் சோபோக்ளிஸ் என்பவர் இதையே நாடகமாக்கினார். நம்முடைய காமன் கூத்தைப் போல, திறந்த வெளியில் ஊர் கூடிப் பார்த்த நாடகம் அது. பெயர் ‘அன்டிகனி’.

தீப்ஸ் நகரத்தின் ஆட்சிக்காகச் சகோதரர் இருவர் சண்டையிட்டு ஒருவரையொருவர் கொன்றுவிடுகிறார்கள். அடுத்து ஆட்சிக்கு வருகிறவன் அவர்களின் மாமன் கிரியோன். நகரத்தின் பக்கம் நின்றவனை மரியாதையோடு அடக்கம் செய்கிறான். நகரத்துக்கு எதிராகப் படை கொண்டு வந்தவனின் உடலை நாயும் கழுகும் தின்னட்டும், புதைக்கிறவர்களுக்கு மரணம் என்று ஆணை போடுகிறான்.

இறந்தவர்களின் சகோதரி அன்டிகனி. அவளும் நானும் கூடப்பிறந்தவர்கள்தானே, உதவிக்கு வருவாள் என்று தன் சகோதரி இஸ்மினியைக் கூப்பிடுகிறாள். இஸ்மினி கெட்டவள் அல்ல, பயந்தவள். ஆட்சியில் இருப்பவர்களோடு நம்மால் மோத முடியுமா என்று ஒதுங்கிக்கொள்கிறாள். அன்டிகனி தனியாகப் போய் உடலின் மேல் மண் தூவுகிறாள், பிடிபடுகிறாள், செய்ததை மறுக்காமல் ஒப்புக்கொள்கிறாள். அவளை மணக்க இருந்தவன் கிரியோனின் மகன் ஹீமன். ஊர் அவளுக்காக மறைவில் அழுகிறது, கொஞ்சம் காது கொடுங்கள் என்று அப்பனிடம் மன்றாடுகிறான். அப்பன் கேட்கவில்லை. அவளை உயிரோடு ஒரு குகைக்குள் அடைக்கிறான். கடைசியில் ஒரு குருட்டுத் தீர்க்கதரிசி எச்சரித்த பிறகுதான் மனம் மாறி ஓடுகிறான். அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள். மகனும் மனைவியும் அடுத்தடுத்துத் தம் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள்.

கிரியோன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. போர் முடிந்த நகரத்துக்கு ஒழுங்கு தேவை. அவனுடைய பிழை சட்டம் போட்டது மட்டுமல்ல, அந்தச் சட்டத்தைப் பற்றி எவர் சொன்னதையும் கேட்காமல் இருந்ததும்தான்.

இது எங்கோ நடந்த பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச் இறுதியில் நம் நாட்டில் கொரோனாவால் இறந்த ஒரு முஸ்லிமின் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வந்த வர்த்தமானி அறிவித்தலில் எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனமோ புதைக்கலாம், எரிக்கலாம் என்று இரண்டுக்கும் இடம் கொடுத்திருந்தது. உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்களும் டிசம்பர் 1ஆம் திகதி விசாரணைக்கு எடுக்கப்படாமலே தள்ளுபடியாகின. அதே மாதம் பிறந்து 20 நாளே ஆன ஒரு பச்சைக் குழந்தையையும் கொழும்பில் எரித்தார்கள். அதைக் கேட்டுப் பொறுக்க முடியாத மக்கள் பொரளை மயானத்துக்குப் போய் வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள்.

2021 பெப்ரவரி இறுதியில்தான் புதைக்க அனுமதி வந்தது. மார்ச் மாதம் ஒட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவு செய்தது. கிரியோன் குகைக்குப் போனதுபோல எல்லாம் காலம் கடந்த பிறகு. எரிந்த உடலை எந்த வர்த்தமானியும் திருப்பித் தராது.

அந்த நாட்களில் நான் எங்கே நின்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். கண்டிக்குப் போகும் பாதையில் இருக்கிறது எங்கள் டவுன். அங்கே ஒரு நானாவின் கடையில்தான் மாதச் சாமான் கடனுக்கு வாங்குவோம். வேலைநிறுத்தம் நடந்த மாதத்திலும் அவர் கொப்பியை மூடவில்லை. அவருடைய அண்ணன் கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். எரித்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து நான் கடைக்குப் போனபோது நானா பருப்பு நிறுத்துக்கொண்டே, “கடைசியில குளிப்பாட்டக்கூட விடல்ல தம்பி” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சட்டம் அப்படி, என்ன செய்ய நானா?” சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெரட்டுக்களத்தில் துரையிடம் எதிர்த்துப் பேசத் தெரிந்த வாய் இது. அன்றைக்கு நான் இஸ்மினியாகத்தான் நின்றேன். நம்மில் பலரும் அப்படித்தான் நின்றோம்.

“நமக்கே ஆயிரம் பிரச்சினை, அடுத்தவன் பிரச்சினை எதற்கு?” என்று சில தோழர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு நம் கண்டி மாவட்டத்தில் நடந்த ஒரு சம்பவத்தை ஞாபகப்படுத்துகிறேன்.

இங்கிலாந்தில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்த பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் 1936இல் தேயிலைத் தொழில் பழகுவதற்காக மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்துக்கு வந்தார். லயத்து வாழ்க்கையைப் பார்த்தார். தொழிலாளரோடு நெருங்கிப் பழகினார். வேலை போயிற்று. அவர் வாயை மூடிக்கொண்டு ஊருக்குக் கப்பல் ஏறியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்து, 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் மேடையேறித் தொழிலாளருக்காகப் பேசினார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை இரண்டு நாளில் நாட்டைவிட்டு வெளியேறும்படி கட்டளை போட்டார். பிரேஸ்கேர்டில் போகவில்லை.

அன்டிகனியைப் போல அவரும் ஆணையை மறுத்தார். ஆனால் அவர் தனியாக நிற்கவில்லை. கட்சித் தோழர்கள் அவரை மறைத்து வைத்தார்கள். அரசாங்க சபை தேசாதிபதியின் செயலைக் கண்டித்தது. காலிமுகத்திடலில் ஜனங்கள் திரண்டார்கள். எச். வி. பெரேரா என்ற பெரிய வழக்கறிஞர் அவருக்காக வாதாடினார். மே 18ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்தக் கட்டளை சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்து அவரை விடுதலை செய்தது. அதிகாரத்தின் ஆணையும் சட்டமும் எப்போதும் ஒன்றல்ல என்பதை அன்றைக்கு நீதிமன்றமே சொல்லிற்று.

லயத்துத் துன்பம் பிரேஸ்கேர்டிலுக்கு அடுத்தவன் பிரச்சினைதான். அவர் அப்படி நினைத்து ஒதுங்கவில்லை. 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்த பேரணியிலும், ஜனாஸா எரிப்பை நிறுத்து என்ற கோரிக்கையோடு மலையகத் தொழிலாளருக்கு 1,000 ரூபாய் நாட்சம்பளம் கொடு என்ற கோரிக்கையும் இருந்தது. அவர்களுக்கு நம் சம்பளம் அடுத்தவன் பிரச்சினையாகத் தெரியவில்லை.

சட்டத்தை எல்லாம் மீறுங்கள் என்று நான் சொல்லவில்லை. கொரோனா காலத்தில் முகக்கவசம் போட்டோம், லயத்துக்குள்ளே அடைந்து கிடந்தோம். நோயைத் தடுக்க அது தேவை என்று நமக்கே விளங்கியது. காரணம் விளங்காத ஓர் ஆணை வந்தால், காரணத்தைக் காட்டு என்று கேட்பது நம் உரிமை. அந்த ஆணை நம்மைத் தொடாமல் பக்கத்து வீட்டுக்காரனை மட்டும் தொட்டாலும் கேட்க வேண்டும்.

ஒருவர் தனியாகக் கேட்டால் அவரைக் குகைக்குள் அடைப்பது சுலபம். சங்கம் என்று ஒன்றை நம் முன்னோர் கட்டியது சம்பளத்துக்காக மட்டுமல்ல, மனச்சாட்சியோடு எழும்புகிற ஒருவர் தனித்து நிற்கக்கூடாது என்பதற்காகவும்தான். ஆகவே தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்தில் சந்தாக் கணக்குப் பார்த்து முடித்த பிறகு, நம் அயலில் எவருக்காவது அநியாயம் நடக்கிறதா என்று ஒரு பத்து நிமிடம் பேசுங்கள். இருந்தால் அதைத் தீர்மானமாக எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.

நானாவிடம் போன மாதம் போய்ப் பேசினேன். அன்றைக்கு நான் சொன்னது பிழை என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிளேன்டீ ஒன்று ஊற்றிக் கொடுத்தார்.