சடுகுடுவும் நம் விமர்சகர்களும்

விளையாட்டைப் பேசுவோரை 'ரசிகக் கூட்டம்' என்று ஒதுக்குவது நம் இலக்கியச் சூழலின் பழைய நோய். அந்த மேட்டிமைக்கு நம்மிடம் என்ன தகுதி இருக்கிறது?

ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் 2023 ஆண்கள் கபடி இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியா 28, ஈரான் 28. மிச்சம் ஏறத்தாழ ஒரு நிமிடம். பாடிச் சென்ற பவன் செராவத் எவரையும் தொடாமலே எல்லைக்கு வெளியே போனார். துரத்திய ஈரானியரும் வெளியேறினர். பழைய விதியா, புதிய விதியா என்ற பூசலில் ஆட்டம் நெடுநேரம் நின்றது. இறுதியில் 33-29 என இந்தியா வென்றது.

மாகறலையொட்டிய செய்யாற்றங்கரையில் சடுகுடு அறிந்த ஒருவர் இதைப் பேசினால், 'பவன் பெரிய ஆட்டக்காரர்' என்று நிறுத்திவிட மாட்டார். அந்தக் கால் ஏன் அங்கே போயிற்று, அத்தனை பேரும் ஏன் துரத்தினர் என்று கேட்பார். களத்தில் மூவரே மிஞ்சும்போது பாய்ந்து பிடித்தால் கூடுதல் புள்ளி, தவறினால் ஆல் அவுட்டை நோக்கிய சரிவு. அந்தத் துணிவின் விலையை எடைபோடுவார்.

நாமோ ஒரு நாவலை மதிப்பிடும்போது ஆசிரியரின் பெயரைப் போற்றுகிறோம், அல்லது அவரது முகாமைத் தூற்றுகிறோம். எந்த அத்தியாயத்தில், எந்த முடிவால் படைப்பு விழுந்தது என்று சொல்வதில்லை.

ரசிகக் கூட்டம் எது என்பதை இனியாவது நேர்மையாகக் கேட்டுக்கொள்வோம்.